உருளைமேல் ஓடும் கார், ஊருக்குள் ஓடும் கார்

பாசிர் கூடாங் என்ற பெயரில் பாதி தமிழ். மலாயில் ‘கூடாங்’ என்றால் சரக்கு அடைத்து வைக்கும் இடம். நம் கிடங்குதான் கப்பலேறிப் போய் கூடாங் ஆனது என்பதைச் சொல்லாய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். வெள்ளைக்காரன் அதைத் தன் வாய்க்கேற்ப மாற்றி, கடைசியில் ‘குடோன்’ என்று நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். பெயர் வந்த கதை எப்படியிருந்தாலும், 1977இல் ஜொகூர் துறைமுகம் திறக்கப்பட்ட பிறகு ஊர் பெயருக்கேற்பக் கிடங்காகவே ஆனது. செம்பனை எண்ணெய்த் தொட்டிகள், எரிபொருள் தொட்டிகள், ரசாயன ஆலைகள், அவற்றுக்கு நடுவே இரவும் பகலும் ஓடும் லாரிகள். நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர். காற்றில் என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வி இப்படிப்பட்ட ஊரில் எழாமல் இருக்காது. 1990களின் நடுவில் மலேசியா முழுவதும் தானியங்கிக் காற்றுத்தர நிலையங்கள் நிறுவப்பட்டபோது, பட்டியலின் முதல் எண் பாசிர் கூடாங்கில் ஒரு பள்ளி வளாகத்தில் வைத்த நிலையத்துக்குப் போனது. ஆக, இந்த ஊருக்கு அளவுகோல் புதிதல்ல. ஆலைப் புகைபோக்கியை அளக்கிறார்கள், காற்றை அளக்கிறார்கள், லாரியின் புகையை அளக்கிறார்கள். ஆனால் 17ஆம் எண் கூட்டரசுச் சாலையான பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் வரிசைகட்டிப் போகும் தனியார் கார்களை அளப்பவர் யார், எப்போது, எங்கே? அந்தக் கேள்விக்கு மலேசியா ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஒரே விடையைத்தான் வைத்திருக்கிறது: கார் விற்பனைக்கு வருமுன், வேறொரு நாட்டில், தயாரிப்பாளர் கொண்டுவரும் சான்றிதழின் பேரில். இடையில் வரம்புகள் இறுகின, எரிபொருள் சுத்தமானது, சலுகைகள் வந்தன. அளவுகோல் நட்ட இடம் மட்டும் நகரவில்லை. காரின் புகையையும் எரிபொருள் சிக்கனத்தையும் பற்றி நம்மிடம் உள்ள எண்கள் இவ்வளவு பலவீனமாக இருப்பதற்கு அதுவே காரணம் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் கண்ணே கருவி. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்து, மறு ஆண்டு சுற்றுச்சூழல் துறை அமைந்து, 1977இல் மோட்டார் வாகனப் புகை, வாயுக் கட்டுப்பாட்டு விதிகள் பிறந்தன. பாசிர் கூடாங்கில் முதல் கப்பல்கள் கரை கட்டிய அதே ஆண்டு அது. அந்த விதிகளின் இலக்கு டீசல் வண்டி கக்கும் கறும்புகை. வண்டியை நிறுத்தி, ஆக்சிலேட்டரை ஒரே அழுத்தாக அழுத்தி, புகையின் அடர்த்தியை ஹார்ட்ரிட்ஜ் அளவையில் பார்ப்பார்கள். 50ஐத் தாண்டினால் குற்றம். மறு ஆண்டு வந்த சுத்தக் காற்று விதிமுறைகளோ ஆலைப் புகைபோக்கியின் கருமையை ரிங்கல்மன் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தன. சாம்பல் நிறக் கட்டங்கள் அச்சிட்ட அட்டை, அவ்வளவுதான். இதைக் கேலி செய்யத் தோன்றும், செய்யக்கூடாது. கையில் ஆளும் கருவியும் குறைவாக இருந்த ஒரு நாடு கண்ணுக்குத் தெரிந்த தீங்கை முதலில் பிடித்தது நியாயமே. பிழை பிறகு நடந்தது. கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும் ஈயமும்தான் பெட்ரோல் காரின் உண்மையான கழிவு. அவற்றுக்கு வேறு வகை அளவுகோல் வேண்டும் என்பது 1970களிலேயே உலகுக்குத் தெரிந்திருந்தது. மலேசியா அதில் ஈயத்தை மட்டும் துணிந்து பிடித்தது. 1985இன் விதிமுறைப்படி பெட்ரோலில் லிட்டருக்கு 0.84 கிராமாக இருந்த ஈயம் 0.4 ஆகக் குறைந்து, 1990இல் 0.15 ஆனது; 1991இல் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. காரைத் தொடாமல் எரிபொருளைத் திருத்திய இந்த வெற்றி நல்ல வெற்றிதான். ஆனால் அது ஒரு பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தது: காரைச் சோதிப்பதற்குப் பதிலாக, காருக்குள் போவதைச் சரிசெய்தால் போதும் என்ற பழக்கம்.

காரைச் சோதிப்பது என்றால் என்ன என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓடும் கார் வேகமெடுக்கும், நிற்கும், ஏறும், இறங்கும். ஒவ்வொரு நொடியும் புகை மாறும். எல்லாக் காருக்கும் பொதுவான ஓர் ஓட்டம் இருந்தால்தான் ஒப்பிட முடியும். கலிஃபோர்னியா 1960களில் இதற்கு வழி கண்டது. லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் வேலைக்குப் போகும் ஒரு பயணத்தை நொடிவாரியாகப் பதிவு செய்து, அதை ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் நிறுத்திய காரில் திரும்ப ஓட்டினார்கள். சக்கரம் சுழலும், கார் நகராது. ஓட்டுநர் முன்னாலுள்ள திரையில் வரும் கோட்டைப் பின்பற்றி அழுத்துவார், விடுவார்; வெளிவரும் புகையைப் பையில் பிடித்துப் பகுத்துப் பார்ப்பார்கள். ஐரோப்பா 1970இல் தன் சுழற்சியை வகுத்தது. ஆனால் அது பதிவு செய்த பயணமன்று. அளவுகோலும் பென்சிலும் வைத்து வரைந்த கோடு. சீராக வேகமெடுத்து, சீராக ஓடி, சீராக நிற்கும் ஓட்டம். 1990களில் அதனுடன் நெடுஞ்சாலைப் பகுதி ஒன்றைச் சேர்த்து ‘புதிய ஐரோப்பிய ஓட்டச் சுழற்சி’ என்று பெயரிட்டார்கள். வாகனத் துறையினர் வாயில் என்இடிசி. மொத்தம் 11 கிலோமீட்டர், 20 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டருக்கு அருகில், உச்ச வேகம் 120. ஏர்கான் அணைத்திருக்கும். மலேசியா 1996இல் பெட்ரோல் எஞ்சின்களுக்கும் டீசல் எஞ்சின்களுக்கும் தனித்தனி விதிமுறைகள் எழுதியபோது புதிய வண்டிகளுக்கு ஏற்றுக்கொண்டது இந்த ஐரோப்பிய ஒழுங்கைத்தான். 2006இல் ஐ.நா.வின் 1958ஆம் ஆண்டு வாகன உடன்படிக்கையில் உறுப்பினரானதும் அந்தத் தத்து முழுமை பெற்றது. வெளிநாட்டில் ஒரு முறை ஒப்புதல் பெற்றால் இங்கும் செல்லும். சாலைப் போக்குவரத்துத் துறையின் வகை ஒப்புதலுக்குச் சான்றிதழ் போதும்.

அந்தக் காலத்தில் பாசிர் கூடாங்கில் காரையும் மோட்டார் சைக்கிளையும் மிக நுட்பமாக அளந்த ஓர் இடம் இருந்தது என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. 1986இல் திறந்த ஜொகூர் பந்தயத் தடம், 1998இல் உலக மோட்டார் சைக்கிள் போட்டியின் மலேசியச் சுற்றையே நடத்தியது. அங்கே ஒரு சுற்றின் நேரத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கிட்டார்கள். வேகத்தை அளக்கக் காசு கொடுக்க ஆளிருந்தது. அதே ஊர்த் தெருவில் ஓடும் காரின் புகைக்குழாய்க்குள் கருவியை நுழைக்கத்தான் யாருக்கும் அவசரமில்லை.

என்இடிசி ஒரு நாடகம் என்றால், அதில் பயன்படும் எரிபொருளும் நாடக உடைதான். ஆய்வுக்கூடத்தில் ஊற்றுவது தரக்கட்டுப்பாடு செய்த மாதிரி எரிபொருள். ஊர்ப் பம்பில் கிடைப்பது வேறு. கார் வெளியேற்றும் நச்சைத் தணிப்பது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதைக் கெடுப்பது எரிபொருளிலுள்ள கந்தகம். மலேசியாவின் 2007ஆம் ஆண்டு எரிபொருள் விதிமுறைகளைத் தொடர்ந்து நடப்புக்கு வந்த யூரோ 2எம் பெட்ரோலில் கந்தகத்தின் வரம்பு பத்து லட்சத்தில் 500 பங்கு. யூரோ 4எம் என்றால் 50, யூரோ 5 என்றால் 10. ‘எம்’ என்பது மலேசியாவுக்கான தளர்வு. பென்சீன் போன்றவற்றில் ஐரோப்பிய வரம்பை அப்படியே எடுக்காமல் கொஞ்சம் விட்டுக்கொடுத்த அடையாளம். ஆர்ஓஎன் 97 பெட்ரோல் 2015 செப்டம்பரில் யூரோ 4எம் ஆனது. சாதாரண மக்கள் ஊற்றும் ஆர்ஓஎன் 95 அந்நிலைக்கு வர 2020 ஜனவரி ஆனது. டீசல் நாடு முழுவதும் யூரோ 5 ஆனது 2021 ஏப்ரலில். ஆக, 2019இல் ஒருவர் ஐரோப்பிய யூரோ 4 அல்லது 5 சான்று பெற்ற காரை வாங்கிச் சாதாரணப் பெட்ரோல் ஊற்றி ஓட்டினார் என்றால், அந்தச் சான்றிதழ் விவரித்த காரை அவர் ஓட்டவில்லை. இதில் ஜொகூருக்கு ஒரு பெருமை உண்டு. நாட்டின் முதல் யூரோ 5 டீசலை 2014 அக்டோபரில் பிஎச்பெட்ரோல் விற்கத் தொடங்கியது இந்த மாநிலத்து நிலையங்களில்தான். எல்லையோரம் என்பதால் நல்லதும் முதலில் வரும், கெட்டதும் முதலில் வரும். மலிவான மலேசியப் பெட்ரோலுக்காகச் சிங்கப்பூர்க் கார்கள் வந்து நிரப்பிப் போவதைத் தடுக்க, 1989இல் அரைத் தொட்டி, 1991இல் முக்கால் தொட்டி எரிபொருளோடுதான் கடக்க வேண்டும் என்று சிங்கப்பூர் அரசு விதித்ததும் இதே எல்லையில்தான். எரிபொருள் மானியம் எல்லையைத் தாண்டி ஒழுகியதை இரு அரசுகளும் லிட்டர் லிட்டராகக் கணக்குப் பார்த்தன. அந்த எரிபொருள் காருக்குள் எரிந்து என்னவாகிறது என்பதற்கு அந்த அளவு கணக்குப் பார்க்கப்படவில்லை.

2014 ஜனவரியில் வந்த தேசிய வாகனக் கொள்கை இந்தக் கதையைப் புதிய திருப்பத்துக்குக் கொண்டுபோனது. ‘எரிசக்தித் திறன் வாகனம்’, மலேசிய வழக்கில் இஇவி, என்ற வகை உருவானது. காரின் எடைக்கு ஏற்ப 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று வரம்பு. 801 முதல் 1,000 கிலோ வரையான சிறு காருக்கு 5 லிட்டர். எடை கூடக் கூட வரம்பும் தாராளமாகி, இரண்டு டன்னைத் தாண்டியதற்கு 11 லிட்டருக்கு மேலும் போகும். வரம்புக்குள் வந்தால் தயாரிப்பாளருக்குச் சலுகை. அதுவரை சோதனை எண் என்பது தேறினாரா, தவறினாரா என்ற அளவில் நின்றது. இனி அது பணம். எந்தச் சுழற்சியில், எந்த வெப்பநிலையில், என்னென்ன அணைத்துவைத்து எடுத்த எண் என்று கேட்க வேண்டிய வேளை அதுவே. கேட்கப்பட்டது குறைவு. நாட்டில் விற்பனையான வாகனங்களில் இஇவியின் பங்கு 2014இல் 14 விழுக்காடு; 2017இல் 52 விழுக்காடு. மூன்றே ஆண்டில் மலேசியக் கார்கள் இவ்வளவு சிக்கனமாகிவிட்டனவா என்றால், ஒரு பகுதி உண்மை: எஞ்சின்கள் மேம்பட்டன. இன்னொரு பகுதி இலக்கணத்தின் சாதனை. இரண்டு டன் வண்டி 11 லிட்டர் குடித்தாலும் ‘திறன் வாகனம்’ என்று அழைக்கும் இலக்கணத்தில் பங்கு ஏறாமல் என்ன செய்யும்? பெட்ரோல் விலையும் இதற்குத் துணை நின்றது. ஆர்ஓஎன் 95 லிட்டர் 2 ரிங்கிட் 5 காசு என்று 2021 தொடக்கத்தில் கட்டிவைத்தார்கள். 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை 1 ரிங்கிட் 99 காசு ஆனது. பெட்ரோல் மலிவாக இருக்கும் நாட்டில் கார் எவ்வளவு குடிக்கிறது என்ற எண்ணில் பொய்யிருந்தால் வாங்குபவருக்கு வலிக்காது. வலிக்காத பொய்யைத் துருவிப் பார்க்கவும் ஆளிராது.

அந்த எண் எவ்வளவு பொய் என்பது ஐரோப்பாவிலேயே தெரிந்துபோன விஷயம். தூய போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றம் திரட்டிய கணக்குப்படி, சோதனையில் காட்டிய எரிபொருள் செலவுக்கும் சாலையில் ஆன செலவுக்கும் உள்ள இடைவெளி 2001இல் 9 விழுக்காடு, 2015இல் 42. கார்கள் கெட்டுப்போனதால் இடைவெளி வளரவில்லை. சோதனையைப் படித்துத் தேர்வு எழுதக் கற்றுக்கொண்டார்கள். டயரில் காற்றைக் கூடுதலாக அடிப்பது, அனுமதித்த பிழை எல்லையின் கடைசி நுனியைப் பிடிப்பது, சுழற்சியின் மெதுவான வேகமெடுப்புக்கென்றே கியரை அமைப்பது எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டவை. சட்டத்துக்கு வெளியே போனது ஃபோக்ஸ்வேகன். சோதனை நடக்கிறது என்று உணர்ந்தால் மட்டும் புகையைச் சுத்தம் செய்யும் மென்பொருளை உலகெங்கும் ஒரு கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015 செப்டம்பரில் வெளியானது. அதைக் கண்டுபிடித்தது பெரிய அரசு ஆய்வுக்கூடமல்ல. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறிய குழு. அரவிந்த் திருவேங்கடம் என்ற தமிழ்ப் பெயரும், ஹேமந்த் கப்பண்ணா என்ற கன்னடப் பெயரும் அந்தக் குழுவில் உண்டு. அவர்கள் செய்த புதுமை எளிமையானது. கருவியைக் காரின் பின்புறம் கட்டிச் சாலைக்கு எடுத்துப் போனார்கள். ஒரு காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டினார்கள். உருளையின்மேல் சுத்தமாக இருந்த ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா கார், சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கு வரை கக்கியது. பிடித்தது அளவுகோல் நட்ட இடத்தை மாற்றியதால். ஐரோப்பா அதன்பின் 2017இல் நீளமான, வேகமான புதிய உலகளாவிய சுழற்சிக்கு மாறியது. சாலையிலேயே கருவி கட்டி அளப்பதையும் கட்டாயமாக்கியது. அந்தப் புதிய சுழற்சியிலும் ஏர்கான் அணைந்தேதான் இருக்கிறது என்பது ஜொகூர் வெயிலில் கார் ஓட்டுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

இந்தியாவில் நடந்ததையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் ‘இதெல்லாம் ஐரோப்பியர் விளையாட்டு’ என்று தள்ளிவிட முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா 2013 ஜூலையில் 1,14,000 தவேரா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சோதனைக்குப் போகும் வண்டிகளில் புகை குறைவான எஞ்சின்களைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தியிருந்தார்கள். வண்டியின் எடையிலும் கைவைத்திருந்தார்கள். எடை குறைந்தால் வரம்பு மாறும், உருளையின் சுமையும் மாறும் அல்லவா? இந்தியச் சுழற்சியோ ஐரோப்பியக் கோட்டின் தழுவல்தான், உச்ச வேகத்தை மணிக்கு 90 கிலோமீட்டருக்குக் குறைத்துக்கொண்டது. ஆனாலும் இந்தியாவுக்கு ஒரு வசதி இருந்தது: சொந்த ஆய்வுக்கூடம். புனேயிலுள்ள ஏஆர்ஏஐ, ஃபோக்ஸ்வேகன் கார்களைத் தானே சாலையில் அளந்து, பாரத் 4 வரம்பைப்போல் 1.1 முதல் 2.6 மடங்கு வரை புகை வருவதைக் கண்டபின்தான் 3,23,000க்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. சான்றிதழை மட்டும் கையில் வைத்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பாசிர் கூடாங்கின் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டு காரை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும்? 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியது காரா? அந்த நச்சு வாயுவால் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், சிகிச்சைக்குப் போனார்கள்; 111 பள்ளிகளை மூடினார்கள். அதனோடு ஒப்பிட்டால் பெட்ரோல் கார்ப் புகை தூசு. மறுப்பின் முதற்பாதி சரி. பாசிர் கூடாங்கின் முதல் எதிரி கார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கிம் கிம் சொல்லும் பாடம் வேறொன்றும் உண்டு. மலேசியாவின் காற்று மாசுக் குறியீடு ஆறே பொருள்களைக் கணக்கில் எடுக்கும்: இருவகை நுண்துகள், கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன். ஆற்றில் கொட்டிய கழிவிலிருந்து கிளம்பிய ஆவிகள் அந்தப் பட்டியலில் இல்லை. கருவி இருந்தது, பள்ளி வளாகத்திலேயே இருந்தது. தேட வேண்டியதைத் தேடும்படி அது அமைக்கப்படவில்லை. இன்னொன்று: ஆலை விஷயத்தில் சட்டம் வளர்ந்திருக்கிறது. ரிங்கல்மன் அட்டையோடு தொடங்கிய சுத்தக் காற்று விதிமுறைகள் 2014இல் மாற்றி எழுதப்பட்டு, பெரிய ஆலைகள் புகைபோக்கியிலேயே கருவி பொருத்தித் தொடர்ந்து அளந்துகாட்ட வேண்டும் என்றாகிவிட்டது. ஆலை கட்டும்போது காட்டிய வரைபடத்தை நம்பி யாரும் இருபது ஆண்டுகள் சும்மா இருப்பதில்லை. காருக்கு மட்டும் அந்த வரைபடமே கடைசி வார்த்தை. லாரிக்குக்கூட அப்படி இல்லை. 1994இல் தொடங்கிய வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமுக்கு வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கொரு முறை போக வேண்டும். சாலையோரச் சோதனைகளில் பெட்ரோல் காரை நிறுத்தவும் சட்டத்தில் இடமுண்டு. நடைமுறையில் அதிகாரியின் கண் இன்னமும் 1977ஐப்போல் கறும்புகையையே தேடுகிறது.

அடுத்த மறுப்பு ஏழையின் பக்கம் நின்று பேசும், அதை லேசாகத் தள்ள முடியாது. 2009 அக்டோபரில் அரசு வாகனக் கொள்கையைத் திருத்தியபோது, 15 ஆண்டைக் கடந்த கார்கள் சாலை வரி புதுப்பிக்க ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. பழைய காரை வைத்திருப்பவன் ஆசைப்பட்டா வைத்திருக்கிறான்? பேருந்து வராத ஊரில், ஆலைக்கு ஷிஃப்டு போகிறவனுக்குப் பழைய புரோட்டோன் சாகாதான் கால். சில நாள்களிலேயே அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. கைவிட்டது சரியென்றே கருதுகிறேன், ஏனென்றால் அளவுகோலைத் தவறான ஆள் முன்னால் நீட்டினார்கள். காரின் புகை கூடியதற்கு உரிமையாளரின் அலட்சியம் ஒரு காரணம்; வடிவமைப்பும் கன்வெர்ட்டரின் ஆயுளும் ஊற்றிய எரிபொருளின் கந்தகமும் வேறு காரணங்கள். இவற்றில் முதலாவதற்கு மட்டும் அபராதம் விதித்தால் அது ஏழை வரி. சோதிக்கும் வழி இன்னொன்று இருக்கிறது. தெருவில் ஓடும் கார்களில் சிலவற்றை உரிமையாளருக்குச் செலவில்லாமல் வாங்கி, அரசே அளந்து, வரம்பு மீறினால் தயாரிப்பாளரிடம் கணக்குக் கேட்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 செப்டம்பரிலிருந்து உறுப்பு நாடுகள் இப்படிச் சந்தையிலுள்ள கார்களைச் சோதித்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கிறது. 2009இல் யாரும் இந்த வழியை முன்வைக்கவில்லை என்பதே மலேசிய விவாதத்தின் வறுமை. ‘எல்லாரையும் சோதி’ என்பதற்கும் ‘யாரையும் சோதிக்காதே’ என்பதற்கும் நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல் பேசி முடித்தார்கள்.

சிங்கப்பூரைக் காட்டினால் உடனே, அது பணக்கார நகரம், கார் உரிமமே ஏலத்தில் போகும் இடம், அதோடு ஒப்பிடலாமா என்பார்கள். ஒப்பிட வேண்டாம், வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொள்ளலாம். அங்கே மூன்று ஆண்டு நிரம்பிய கார் இரண்டு ஆண்டுக்கொரு முறையும், பத்து ஆண்டைத் தாண்டியது ஆண்டுதோறும் சோதனைக்குப் போகும். 2013இலிருந்து கரியமில வாயு அளவின்படியும், 2018இலிருந்து நைட்ரஜன் ஆக்சைடு, நுண்துகள் முதலியவற்றையும் சேர்த்தும் வரிச் சலுகையோ கூடுதல் கட்டணமோ தீர்மானமாகிறது. நீரிணையின் இரு கரையிலும் ஒரே கம்பெனியின் ஒரே கார் ஓடலாம். ஒன்று அளக்கப்படும், மற்றது படாது. மலேசியாவுக்குள்ளேயே இதைவிட வேடிக்கை உண்டு. 2019இல் செயலிவழி வாடகைக் கார் சேவையான இ-ஹெய்லிங் முறைப்படுத்தப்பட்ட பிறகு, மூன்று ஆண்டைக் கடந்த பெரோடுவா மைவி ஒன்று பயணி ஏற்றினால் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். அதே ஆண்டு, அதே நிறம், பக்கத்து வீட்டு மைவி பயணி ஏற்றாததால் போக வேண்டியதில்லை. புகைக்குழாய்க்குப் பயணி யாரென்று தெரியுமா என்ன?

சந்தை சிறியது, ஆய்வுக்கூடம் செலவு, எனவே ஐரோப்பாவும் ஜப்பானும் சோதித்துத் தருவதை ஏற்பதே சிக்கனம் என்ற வாதத்துக்கு வலுவுண்டு. நானும் ஒரு காலம் வரை அதை ஏற்கலாம் என்பேன். அந்தக் காலம் 2023இல் முடிந்தது. ஜப்பானின் டைஹாட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்ததை ஏப்ரலில் ஒப்புக்கொண்டபோது, பக்கவாட்டு மோதல் சோதனையில் சிக்கிய மாடல்களில் மலேசியாவில் விற்கும் பெரோடுவா ஆக்சியாவும் இருந்தது. டிசம்பரில் வெளிவந்த முழு விசாரணை 64 மாடல்கள், 174 முறைகேடுகள் என்று கணக்குச் சொன்னது. அது மோதல் சோதனை, புகைச் சோதனையன்று. தவறும் மலேசிய நிறுவனத்தின் தவறன்று. கேட்க வேண்டியது, முறைகேட்டை யார் வெளிக்கொண்டுவந்தார் என்பது. மலேசிய அதிகாரிகள் அதை அறிந்தது ஜப்பானிலிருந்து செய்தி வந்த பிறகே. எரிபொருள் எண்ணுக்கும் அதே காரையே பார்க்கலாம். புதிய ஆக்சியாவின் விளம்பரத்தில் எரிபொருள் சிக்கனத்துக்கு இரண்டு எண்கள் வந்தன: என்இடிசிப்படி லிட்டருக்கு 25.3 கிலோமீட்டர், ‘மலேசிய ஓட்டச் சுழற்சி’ப்படி 27.4. உள்ளூர் நெரிசலையும் ஏர்கானையும் கணக்கில் கொள்ளும் ஒரு மலேசியச் சுழற்சி, ஐரோப்பியக் கோட்டைவிடக் குறைந்த எண்ணைத்தான் தரும் என்று எதிர்பார்ப்போம். தந்ததோ கூடுதல் எண். ஊருக்கேற்ற சுழற்சி வேண்டும் என்பது நல்ல யோசனை. அதை வகுப்பதும் சரிபார்ப்பதும் விற்பவர் கையில் இல்லாமல் பொது அமைப்பின் கையில் இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம்.

மின்சாரக் கார் வந்துவிட்டால் புகைக்குழாயே இருக்காது, இந்தத் தொல்லையெல்லாம் தானே தீரும் என்று நம்புவோரும் உண்டு. பிஒய்டி அட்டோ 3 மலேசியாவுக்கு 2022 டிசம்பரில் வந்தபோது, பெரிய பேட்டரி மாடல் ஒரு முறை மின்னேற்றினால் எத்தனை தூரம் போகும் என்பதற்கு என்இடிசியில் 480 கிலோமீட்டர், புதிய உலகச் சுழற்சியில் 420 என்று இரண்டு விடைகள் இருந்தன. ஒரே கார், ஒரே பேட்டரி, 60 கிலோமீட்டர் வேறுபாடு. ஐரோப்பா கைவிட்ட சுழற்சி இங்கே இன்னும் விளம்பரப் பலகையில் உயிரோடிருக்கிறது, காரணம் அதன் எண் பெரியது. பெட்ரோல் காரில் லிட்டருக்கு இத்தனை என்று விற்ற பொய்யை, மின்காரில் தூரமாக விற்கலாம், உருளை அதேதான்.

பாசிர் கூடாங் 2020இல் மாநகரமாயிற்று. அங்குள்ள ஆலைகளில் பெரியவை தங்கள் புகையை நாள் முழுக்க அளந்து கணக்குக் காட்ட வேண்டும்; துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஆண்டுக்கு இரண்டு முறை சோதனைக் கூடத்துக்குப் போக வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும் தனியார் கார் புஸ்பாகோம் வாசலை மிதிப்பது கைமாறும்போதோ தவணைக் கடன் எடுக்கும்போதோதான். அங்கேயும் முதலில் பார்ப்பது எஞ்சின் எண்ணும் சாசி எண்ணும் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான்.